பத்தொன்பது சாற்றுக்கவியும் ஏழாம் அதிகாரமும்

அச்சுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, ஒருவருடைய புத்தகத்தை விற்றுத் தருகிறேன் என்று வாய்விடுவதற்கு முன், அதைப் புகழ்ந்து பாடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுங்கள். எனக்கு அன்று தலைவலி இருந்தும் நான் போகவில்லை.

முப்பத்தொரு வருஷம் பினாங்கில் ஒரே அச்சுக்கூடத்தில் மானேஜராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடைக்காரர்களின் பில் புத்தகம் இவற்றால்தான் எங்களுக்குச் சோறு. நடுவே, கைக்காசு போட்டுத் தம் புத்தகத்தைத் தாமே வெளியிடுகிறவர்கள் வருவார்கள். என் காலத்தில் அப்படி வந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்று நாலு பேர் கவிகள். அச்சடித்துக் கட்டுக்கட்டி ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் அதே மனிதர் முகம் வெளுத்துத் திரும்பி வருவார். "ஐயா, கட்டில்ல புஸ்தகம் படுத்திருக்கு, நாங்க தரையில படுத்திருக்கோம். ஏதாச்சும் பண்ணுங்க" என்பார். அந்த "ஏதாச்சும்" பண்ணுவதற்குத்தான் உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

பெரிய யுத்தம் முடிந்து, காகிதம் ஏற்றிய கப்பல் என்றைக்கு வரும் என்று துறைமுகத்தில் இருப்பவர்களுக்கே தெரியாத காலத்தில் ஒரு நாள் ஞானம்மா வந்தார். அவர் பிடான். பிள்ளைப்பேறு பார்ப்பவர்களை மலாய்க்காரர்கள் சொல்கிறபடி இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கத்தோலிக்கர். வயது ஐம்பது இருக்கும். தாயாரிடம் கைவழக்கமாகப் பழகி, பிறகு நடுவயதில் ஆஸ்பத்திரியில் முறையாகக் கற்றுக்கொண்டவர். என் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார்.

"கவிதான் எழுதியிருப்பீங்கன்னு பார்த்தேன்" என்றேன்.

"கவி எழுதறதுக்கு எனக்கு எங்க ஐயா நேரம்? பால்மரம் சீவற கித்தாத் தோட்டத்துல இருந்து ஆள் வந்து கூப்பிட்டு, நான் பீரி ஏறிக் கடல் தாண்டி, மாட்டுவண்டி புடிச்சு லயத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை பிறந்துடுது. நான் வர்ற வரைக்கும் பக்கத்துல இருக்கிறவ என்ன செய்யணும்னு எழுதியிருக்கேன். எனக்கு முன்னால இந்தப் புஸ்தகம் அங்க போய் இருக்கட்டும்."

"கூலிக்காரங்க இருக்கிற லயத்துல யாருக்குப் படிக்கத் தெரியும்?"

"ஒருத்தருக்காவது தெரியும். அவங்க படிச்சுச் சொல்லட்டும்." பிறகு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஒம்பது அதிகாரம் இருக்கு. எட்டு முன்னபின்ன ஆனாலும் பரவால்ல. இந்த ஏழாவதை மட்டும் நல்லா, தெளிவா போடுங்க. கொடி அறுக்கிறது. பாராங்கு கத்தியால அறுக்கிறாங்க, மேலே சாம்பல் வைக்கிறாங்க. எட்டாம் நாள் பிள்ளைக்கு ஜன்னி வந்து வாய் கட்டிக்குது. பால் குடிக்காது. அப்புறம் போயிடும். பிள்ளைங்க சாகறது இங்கதான் ஐயா."

நான் என் குறிப்பில் "ஏழாவது, கவனம்" என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

இப்போது கணக்கைக் கேளுங்கள். ஒரு பாரம் என்பது பதினாறு பக்கம். எங்களிடம் இருந்த காகிதம் ஐந்நூறு பிரதிக்கு மூன்று பாரம்தான் வரும். ஆக நாற்பத்தெட்டுப் பக்கம். ஞானம்மா எழுதியது நாற்பது. முகப்புக்கு இரண்டு. மிச்சம் ஆறு. அந்த ஆறு பக்கத்தைச் சாற்றுக்கவிக்கு வைத்தேன். சாற்றுக்கவி என்பது நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பெரிய மனிதர்கள் பாடித் தருவது. அது இல்லாமல் புத்தகம் போடுவது, நாதஸ்வரம் இல்லாமல் மாப்பிள்ளை வருவது மாதிரி. மாப்பிள்ளை வந்துவிடுவார், ஆனால் ஊர் நம்பாது.

என் யோசனை இதுதான். பாடித் தருகிறவர் ஒவ்வொருவரும் தம் பாட்டு அச்சான புத்தகத்தில் இருபது பிரதியாவது எடுத்துத் தம் சிநேகிதர்களுக்குக் கொடுப்பார். ஆறு பேர் என்றால் நூற்றிருபது பிரதி. ஞானம்மாவிடம் சொன்னேன். அவர், "அவங்க சிநேகிதர்களுக்கா பிரசவம்?" என்று கேட்டார். விளம்பரத் தொழில் அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு பேரிடம் கேட்டேன். பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். பெரிய மனிதர்களிடம் ஒன்று கேட்டால் இதுதான் சங்கடம். இன்னாரைக் கேட்டாய், என்னைக் கேட்கவில்லையே என்று ஒருவர் வருத்தப்படுவார். அவருக்காக இரண்டாமவர் பரிந்து பேச வருவார், வரும்போதே சட்டைப்பையில் தம் பாட்டையும் கொண்டுவருவார். ஒருவர் நாலு செய்யுள் கொடுத்து, நன்றாக இருப்பதை மட்டும் போடுங்கள் என்றார். ஒன்றையும் போடாமல் இருக்கலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொருவர் பாட்டில் "முறுக்கிய மீசை முகமலர் நாவலன்" என்று ஓர் அடி இருந்தது. விசாரித்ததில், போன வருஷம் ஒரு பாடப்புத்தக ஆசிரியருக்குப் பாடியதையே பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஞானம்மாவுக்கு மீசை கிடையாது என்று பணிவோடு தெரிவித்தேன். மீசையை எடுத்தால் தளை தட்டும் என்றார். மீசை இருந்துவிட்டது.

பத்தொன்பது பேரும் இருபது இருபதாக எடுத்தால் முந்நூற்று எண்பது பிரதி. இரவல் வாங்கிய சந்தோஷம் போல அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாலு நாள் நடந்தேன்.

அடுத்த நாலு நாள் வரிசைச் சண்டை. யாருடைய பாட்டு முதலில்? யாரும் இன்னொருவரோடு ஒரே பக்கத்தில் இருக்கச் சம்மதிக்கவில்லை. நான் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் பதினெட்டுப் பேரைப் பக்கத்துக்கு இருவராக உட்காரவைத்தேன். ஒருவர் மட்டும் தனிப் பக்கம் வேண்டும் என்றார். அவர் வாசகசாலைத் தலைவர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். புத்தக அரங்கேற்றத்துக்கும் அவர்தான் தலைமை. அவருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒன்பது, ஆகப் பத்து. என்னிடம் இருந்தது ஆறு. இன்னும் நாலு பக்கம் வேண்டும்.

அரங்கேற்றம் ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் தலைவர் அச்சுக்கூடத்துக்கு வந்தார். ஏழு படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். கையில் புரூப்.

"என்ன மானேஜரே, பொருளடக்கத்தைப் பார்த்தேன்" என்றார்.

தம்பிகளே, அந்தப் பத்தொன்பது பேரில் புத்தகத்தைப் பொருளடக்கம் வரை படித்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

"ஏழாவது அதிகாரம்... தலைப்பே இப்படி இருக்கே. இது சபையில வைக்கிற விஷயமா? என் பாட்டுக்கு மேலே என் பேரு, நான் பார்த்த உத்தியோகம் எல்லாம் போட்டிருக்கீங்க. நாளைக்கு நாலு பேரு என்னைத்தானே கேப்பாங்க?"

"ஆசிரியை ஊரில் இல்லை ஐயா. ஒரு பிரசவத்துக்காகப் பாலிக் புலாவுக்குப் போயிருக்கிறார். வந்ததும் கேட்டு..."

"அதான் நல்லதாப் போச்சு. பொம்பளைகிட்ட இதையெல்லாம் எப்படிப் பேசுவீங்க?"

பிள்ளைப்பேறு பார்க்கிற பெண்ணிடம் பிள்ளைப்பேறு பற்றிப் பேசுவது மரியாதை அல்ல என்று அவர் சொன்னார். நானும் அப்போது தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு உட்கார்ந்து எண்ணினேன். ஏழாம் அதிகாரம் எத்தனை பக்கம்? நாலு. எனக்கு வேண்டியது எத்தனை? நாலு. நாற்பதில் நாலு போனால் முப்பத்தாறு. பத்தும் இரண்டும் கூட்டினால் நாற்பத்தெட்டு. ஓர் அங்குலக் காகிதம் வீணில்லை. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறபோது, தம்பிகளே, எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நான் அதற்குப் பதிலாகப் பேனாவை எடுத்தேன்.

அச்சுக்கோக்கிற முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். எழுத்துக் கோத்துக் கட்டிவைத்த ஏழாம் அதிகாரத்தை அவிழ்க்கச் சொன்னேன். எட்டை ஏழாகவும் ஒன்பதை எட்டாகவும் மாற்றச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மானேஜர் ஐயா, பிள்ளை பொறக்கிற புஸ்தகத்துல இருந்து பொறந்த பிள்ளையத்தானே எடுக்கச் சொல்றீங்க?"

"இடமில்லை நானா."

"மீசைக்கு இடமிருக்கு."

"சொன்னதைச் செய்யுங்கள்."

"செய்யறேன். கூலிக்குச் செய்யறவன் நான். அந்தம்மாவுக்கு ஒரு கடுதாசியாவது போட்டீங்களா?"

பாலிக் புலாவ் இதே தீவில்தான் இருக்கிறது. தபால் ஒரு நாளில் போய்ச் சேரும். நான் போடவில்லை. நேரமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை அட்டையின் மஞ்சள் நிறம் சரியா என்று பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

ஆயிரம் நோட்டீஸ் அடித்திருந்தேன். கடைத்தெரு, பாசார், பீரித்துறை எங்கும் கொடுத்தாயிற்று. ஞாயிறு மத்தியானம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் அறுபத்து நாலு நாற்காலி போட்டேன். வந்த ஆண்கள் இருபத்தாறு. அதில் பத்தொன்பது பேர் பாட்டுக் கொடுத்தவர்கள். ஆயிரம் நோட்டீஸ் ஏழு பேரைக் கொண்டுவந்தது. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் மூங்கில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தேன். நாலு பாய் போதும் என்று நினைத்தேன். முப்பத்தொரு பெண்கள் வந்தார்கள். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து, கெப்பாலா பத்தாஸிலிருந்து, தீவுக்குள்ளேயே பாலிக் புலாவிலிருந்து. கைப்பிள்ளைகளை நான் எண்ணவில்லை, அவை ஒரே இடத்தில் இருக்கவில்லை. இவர்களுக்கு யார் சொன்னது என்று விசாரித்தேன். மூன்று மாதமாகப் போன வீட்டிலெல்லாம் ஞானம்மா சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த விளம்பரம்.

ஞானம்மா பாலிக் புலாவிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். மேடையில் நாற்காலி பாட்டுக் கொடுத்தவர்களுக்கே போதவில்லை. அவரைப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு பிரதியைக் கொடுத்தேன்.

ஒவ்வொருவராக எழுந்து தம் பாட்டைத் தாமே படித்துத் தாமே பொருள் சொன்னார்கள். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அது அவர்கள் தவறல்ல, அதைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மீசைப் பாட்டுக்காரர் மீசையில் வந்து நின்று, ஞானம்மாவைப் பார்த்து, ஒரு கனைப்புக் கனைத்துத் தாண்டிப் போனார். ஆறாவது ஆள் படித்துக்கொண்டிருந்தபோது ஞானம்மா பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். பொருளடக்கத்துக்கு வந்தார். விரல் வைத்து இறங்கினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி பத்து நிமிஷம்.

தலைவர் நாற்பத்திரண்டு நிமிஷம் பேசினார். கடைசியில், "ஆசிரியையின் சார்பில் நம் மானேஜர் நன்றி கூறுவார்" என்றார். நான் எழுந்தேன். ஞானம்மாவும் எழுந்தார்.

"நன்றியை நானே சொல்லிக்கிறேன் ஐயா. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குரலுக்கு உட்காராமல் இருக்க முடியாது. எத்தனையோ வீட்டில் கைபிசைந்து நின்ற புருஷன்மார்களை வெளியே போகச் சொன்ன குரல் அது.

"எல்லாருக்கும் நன்றி" என்றார். "இந்தப் புஸ்தகத்துல நான் எழுதின ஏழாவது அதிகாரம் இல்லே. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. அதை இப்ப வாயால சொல்லிடறேன். கேக்கக் கூச்சமா இருக்கிறவங்க எழுந்து போகலாம், நான் தப்பா நினைக்க மாட்டேன்." பிறகு நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, தட்டியைப் பார்த்துத் திரும்பி நின்று பேச ஆரம்பித்தார்.

ஒன்பது பேர் எழுந்து போனார்கள். தலைவரால் போக முடியவில்லை, தலைமை வகிக்கிறவர் சபை கலையும் முன் போகக் கூடாது என்பது அவர் வாசகசாலைக்கு அவரே எழுதிய விதி. மேசைமேல் இருந்த மணியை அடித்தார். இன்னொரு முறை அடித்தார். மூன்றாம் முறை அடித்தபோது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"யாருப்பா அது, அந்த மணிய நிறுத்துங்கலா. ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது."

மணி நின்றது.

கூட்டம் முடிந்ததும் நான் வாசல் மேசையில் புத்தகக் கட்டோடு உட்கார்ந்தேன். பாட்டுக் கொடுத்தவர்கள், எழுந்து போய் வாசலில் காத்திருந்தவர்கள் உட்பட, ஆளுக்கு ஒரு பிரதி எடுத்தார்கள். தம் பக்கத்தைத் திறந்து, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கையில் வைத்துக்கொண்டு போனார்கள். பத்தொன்பது பிரதி. முந்நூற்று எண்பதில் மீதி முந்நூற்று அறுபத்தொன்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அதன் பிறகு பெண்கள் வந்தார்கள்.

"ஐயா, பிடான் அம்மா சொன்னது இதுல எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்தை மடிச்சுக் குடுங்க."

"அது இதில் இல்லை அம்மா."

"இல்லியா? அப்ப இதுல என்ன இருக்கு?"

அடுத்தவள் வந்தாள். அதே கேள்வி. பதினான்கு பேர் கேட்டார்கள். பதினான்கு முறையும் "இல்லை" என்றேன். முதல் மூன்று முறை காரணம் சொன்னேன். காகிதம், பாரம், கப்பல். நாலாவதிலிருந்து காரணத்தை விட்டுவிட்டேன்.

பதினைந்தாவதாக வந்தவள் நிறைமாதமாக இருந்தாள். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்து லயம். ஆறு மணி பீரியைப் பிடிக்க வேண்டும். நான் மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தாள்.

"அச்சுல இல்லாட்டிப் போவுது. கையால எழுதிக் குடுங்க. எங்க லயத்துல கொடி அறுக்கிற கிழவி ஒண்ணு இருக்கு. நான் வாயால சொன்னா, 'நேத்துப் பொறந்தவ எனக்குச் சொல்ல வந்துட்டியா'ன்னு கேக்கும். எழுத்தைக் காட்டி, தோட்டத்துல கணக்கெழுதற கிராணியப் படிக்கச் சொன்னா வாயை மூடிக்கும்."

பென்சிலை எடுத்தேன். தம்பிகளே, அந்த அதிகாரத்துக்கு மூன்று முறை புரூப் பார்த்தவன் நான். அது நாலு பக்கம் என்பது நினைவிருந்தது. தொண்ணூற்றெட்டு வரி என்பது நினைவிருந்தது. எந்த இரண்டு வரியில் புள்ளி விட்டுப்போயிருந்தது என்பதும் நினைவிருந்தது. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்பது ஒரு சொல்கூட நினைவில் இல்லை. கொஞ்ச நேரம் முன்பு ஞானம்மா மண்டபத்தில் சொன்னபோதும் நான் எழுந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பென்சில் காகிதத்தின் மேலேயே நின்றது.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதுங்க, நான் சொல்றேன்" என்றாள்.

"கத்தரிக்கோலு, நூலு ரெண்டையும் தண்ணியில போட்டு ஒரு பானை சோறு வேகற நேரம் கொதிக்க விடணும். கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவணும். நூலால ரெண்டு இடத்துல இறுக்கிக் கட்டணும், நடுவுல அறுக்கணும். பாராங்கு கூடாது. மூங்கில் பத்தை கூடாது. மேலே சாம்பல் கூடாது, சாணி கூடாது, மஞ்சளும் கூடாது. கொதிக்க வெச்சு வெயில்ல காய்ஞ்ச வெள்ளைத் துணி மட்டும். எழுதிட்டீங்களா?"

"எழுதிவிட்டேன். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதுக்கா நாலு பக்கம் வேணும்னீங்க?"

பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஞானம்மா வந்து நின்றிருந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு என் மனம் தயாராகவும் இருந்தது. அவர் காகிதத்தை வாங்கிப் படித்தார்.

"நான் எழுதினதைவிட இவ சொன்னது நல்லா இருக்கு. ஒண்ணும் விடலே. இதையே அப்படியே அச்சுப் போட்டுக் குடுங்க, தனித் தாளா. அதுக்காவது காகிதம் இருக்கா?"

அட்டைக்கு வாங்கிய மஞ்சள் காகிதம் மீந்திருப்பதைச் சொன்னேன்.

"கீழே யாரு பேரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பேரில்லாத காகிதத்தைக் கிழவி அடுப்புல போட்டுடும்."

எனக்கு உயிர் வந்தது. பெயர் போடுவது என் தொழில். "தலைவர் ஐயா பெயரைப் போடலாமே" என்றேன்.

"யாரு, மணியடிச்சாரே அவரா? அவரு எத்தனை பிள்ளைக்குக் கொடி அறுத்தாரு?"

அதற்கு என்னிடம் எண் இல்லை.

"பிடான் அம்மா பேரையே போடுங்க. எத்தனை பிள்ளை எடுத்தாங்கன்னு அதையும் போடுங்க. கிழவி எதுக்கெடுத்தாலும் தான் எடுத்த பிள்ளைக் கணக்கத்தான் சொல்லும்."

ஞானம்மா பக்கம் திரும்பினேன். "எத்தனை அம்மா?"

"எடுத்ததை நான் எண்ணினதில்லே ஐயா."

அதைக் கேட்டு நான் பதறினேன். முப்பது வருஷத் தொழில், கணக்கில்லையா? அவர் என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"போனது தெரியும். இதெல்லாம் கத்துக்கறதுக்கு முன்னாடி எங்க அம்மா அறுத்த மாதிரியே நானும் அறுத்தேன். சாம்பல்தான் வெச்சேன். எட்டாம் நாள் போனது இருபத்து மூணு. அதைப் போடுங்க."

"அம்மா!" என்றேன். "விளம்பரத்தில் யாராவது இதைப் போடுவார்களா? ஊரில் ஒருவரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். உங்கள் பிழைப்புப் போய்விடும்."

"கூப்பிடாட்டிப் போகட்டும். கத்தரிக்கோலைக் கொதிக்க வெச்சாங்கன்னா நான் எதுக்கு?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன், அவளாவது வேண்டாம் என்று சொல்லுவாள் என்று. அவள் ஞானம்மாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு, "போடுங்க" என்றாள். "கிழவிக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கு. வெளியே சொல்றதில்லே. இதைக் கேட்டா அது கேக்கும்."

பென்சிலால் அதையும் எழுதி அவள் கையில் கொடுத்தேன். நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பீரித்துறைக்குப் போனாள்.

மறுநாள் காலை நானாவிடம் அதே சொற்களைச் சொல்லிக் கோக்கச் சொன்னேன். பதினொரு வரி. கீழே, "இது தெரியுமுன் என் கையில் எட்டாம் நாள் போன பிள்ளைகள் இருபத்து மூன்று. ஞானம்மா, பிடான்." நானா கடைசி வரியைக் கோத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரு சாற்றுக்கவி வேணாமா ஐயா?" என்று கேட்டார். அந்த மனிதர் எதையும் சும்மா விடமாட்டார்.

முதலில் முந்நூறு தாள் அடித்தோம். மீந்த புத்தகங்களுக்குள் ஒவ்வொன்றாக வைத்தோம். நோட்டீஸ் ஒட்டவில்லை, கூட்டம் போடவில்லை. பத்து நாளில் "மஞ்சத்தாளு இருக்கா?" என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். தோட்டத்துக் கிராணிகள் இருபது முப்பதாக வாங்கிப் போனார்கள். தாளோடு சேர்த்துப் புத்தகமும் போயிற்று. அச்சுக்கூடத்தில் மஞ்சள் காகிதம் தீர்ந்து, பச்சையில் அடித்தும் அதற்கு மஞ்சத்தாள் என்றே பெயர். நான் பயந்தது நடக்காமலும் இல்லை. மூன்று வீட்டார் ஞானம்மாவைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த மூன்றில் இரண்டு, சாற்றுக்கவி தந்தவர்கள் வீடு. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானா சொல்லித்தான் தெரியும்.

நாலு மாதம் கழித்துத் தலைவர் மறுபடியும் வந்தார். படியில் மூச்சு வாங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"மஞ்சத்தாள் நல்லாப் போகுதாமே மானேஜரே. பின்பக்கம் சும்மாத்தானே இருக்கு? நான் புதுசா எட்டு அடி எழுதியிருக்கேன். சின்னதுதான்."

அன்று காலையிலிருந்து எனக்கு இடுப்பு வலி. இல்லாவிட்டால் அந்தப் பதிலைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"இடம் இருக்கிறது ஐயா. ஆனால் அந்தத் தாளில் பெயர் போட ஒரு முறை இருக்கிறது. தம்மால் போனது எத்தனை என்று பெயருக்கு மேலே போட வேண்டும். ஆசிரியை அப்படித்தான் போட்டிருக்கிறார்."

கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். தடியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு" என்றார். "எங்க வீட்டுல. ரெண்டும் எட்டாம் நாள். சாம்பல் வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினவன் நான்தான்."

அவர் பாட்டு எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது வேணாம். தாள் ஒண்ணு குடுங்க. மகளுக்கு இந்த மாசம்."

எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று படித்தார், முதல் வரியிலிருந்து கீழே ஞானம்மாவின் பெயர் வரைக்கும். எங்கள் அச்சுக்கூடத்தில் அச்சான ஒன்றை அவர் முழுக்கப் படித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.